மியூட்டில் பேசியது

நாட்ராயனின் குரல் தெளிவாக இருந்தது. "கண்டிப்பாக, எரிக். வெள்ளிக்கிழமை சாயங்காலமே செய்துவிடலாம்" என்று ஆங்கிலத்தில், பழைய பணிவோடு, வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் சிரிப்புத் தடவிச் சொன்னது. ரெஜினா தேவசகாயம் மேசைமேல் இருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலைப் பல வருஷம் தினமும் கேட்டவர் அவர். அதன் சொந்தக்காரரைப் போன கோடையில் வேலையை விட்டு அனுப்பியவரும் அவர்தான்.

"இன்னொருக்காப் போடட்டுங்களா?" என்றார் சேர்மன் வரதராஜுலு.

"வேண்டாம் சார்."

"போடறனுங்க. நல்லாக் கேட்டுக்கங்க. நம்மளைக் காப்பாத்தப் போறது இந்தக் குரல்தான்."

மறுபடியும் ஓடியது. கண்டிப்பாக, எரிக்.

சரவணம்பட்டியில் இருந்தது குறிஞ்சேரி சர்வீசஸ் கட்டடம். இவர்கள் உட்கார்ந்திருந்தது அதன் உச்சி மாடி. கீழே பாதி மாடிகளில் விளக்கே எரியவில்லை. ஒரு காலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டுக்கு வாசல்வரை வரிசை நிற்கும். இப்போது கூப்பிட்டவுடன் வந்தது. மிச்சமிருந்த சிலரும், ரெஜினா லிஃப்டில் ஏறினால் அந்த நிமிடம்தான் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கிவிடுவார்கள். ஆட்களை வெட்டுகிறவர் என்று முதுகுக்குப் பின்னால் தன்னைக் 'கத்தரி' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நிறுவனத்தைப் புதுயுகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று மேடையேறிச் சொன்ன தலைமை அதிகாரி அவர். கொண்டுபோய்விட்டார். ஆட்கள்தான் கூட வரவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "மேடம், நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த நாட்ராயன் வேலையிலயே இல்ல. அப்புறம் எப்படிப் பேசறார்?"

"பேசறது அவரோட நகல்" என்றார் ரெஜினா. "எங்க ஆட்கள் கஸ்டமரோட பேசின ஆடியோ, வீடியோ எல்லாம் பல வருஷமாப் பதிவாகியிருக்கு. ஒவ்வொருத்தர் பதிவையும் படிக்க வச்சு ஒவ்வொரு நகல் செஞ்சோம். அதே குரல், அதே முகம், அதே பேச்சு. சொல்ற வேலையையும் அதுவே முடிச்சிடும். புது மிஷின்கூடப் பேசச் சொன்னா வெளிநாட்டுக்காரங்க முகத்தைச் சுளிக்கிறாங்க. பழகின நாட்ராயன் பேசினா சந்தோஷம்."

"அவங்களுக்கு அது நகல்னு தெரியுமா?"

ரெஜினா சேர்மனைப் பார்த்தார். சேர்மன் ஜன்னலைப் பார்த்தார்.

"'தானியங்கி உதவியோடு'ன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்குதுங்க" என்றார். "கண்ணாடி போட்டுப் படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

வக்கீலை வரவழைத்தது ஹால்மூரில் நடந்த விஷயம். அது வெளிநாட்டில், வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கிடக்கிற ஊர். அங்கே வீடுகளுக்கு வேண்டிய சூடு வெந்நீராகத் தெருக்குழாயில் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வால்வையும் திறப்பதும் மூடுவதும் குறிஞ்சேரி எழுதிக் கொடுத்த மென்பொருள். கட்டணம் கட்டாத வீடுகளின் வால்வை வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூடிவிடச் சொன்னார் அந்த ஊர் வெப்ப நிறுவனத்தின் மேலாளர் எரிக். நாட்ராயனின் நகல் சொன்னபடி மூடியது. சனியும் ஞாயிறும் அலுவலகம் விடுமுறை. இரண்டு நாளும் பனிப்புயல். உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களிடம் பேசியதும் ஒரு நகல்தான். அழுதவர்களிடமும் கத்தியவர்களிடமும் "கண்டிப்பாகப் பார்க்கிறோம்" என்று ஒரே இனிமையோடு சொல்லியிருக்கிறது. திங்கள்கிழமை கதவுகளை உடைத்துத் திறந்தபோது ஒன்பது பேர் விறைத்துக் கிடந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பாக்கியே இல்லை. எரிக் அனுப்பிய பட்டியல் தப்பு.

"யோசனை இதுதானுங்க" என்றார் வரதராஜுலு. "பதிவுல பேரு நாட்ராயன். குரலும் நாட்ராயன். நகல்ங்கற பேச்சையே எடுக்க வேண்டாம். ஊட்ல இருந்து நமக்கு வேலை பாத்துக் குடுத்த ஆளு, யாரையும் கேக்காம அவசரப்பட்டுட்டாப்ல. அப்படின்னு அவருகிட்ட ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அவரைக் கேஸ்ல உள்ள வச்சிடுவாங்க சார்."

"நம்மளை வைக்கமாட்டாங்கள்ல?" சேர்மன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபத்திலும் 'ங்க' போடுகிற ஊர் அது. யார் எப்போது கழுத்தில் கை வைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது சிரமம். "நீங்களே போயிட்டு வந்துருங்க மேடம். நீங்க வளத்துன ஆளு. நீங்க சொன்னாக் கேப்பாப்ல. இல்லாட்டி அந்த ஒன்பது பேரையும் உங்க பேர்லதான் எழுதோணும். நகல் உங்க யோசனைதானுங்களே?"

நாட்ராயனின் கடை கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்தது. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் கடை. பீப்பாய் அளவில் இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் வாசலில் கார் நின்றதுகூடக் கேட்டிருக்காது. ஆனாலும் நாட்ராயன் நிமிர்ந்து பார்த்தார். மெலிந்திருந்தார். முழங்கைவரை மாவு.

"கத்தரி வந்திருக்குது" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். இரைச்சலில் கேட்காது என்று நினைத்தாரோ, கேட்கட்டும் என்று நினைத்தாரோ, ரெஜினாவுக்குக் கேட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி சாந்தாமணி வந்தார். கையில் பாக்கெட் ஒட்டும் சூட்டுக்கட்டை. உட்காரச் சொல்லவில்லை.

ரெஜினா காகிதத்தை நீட்டினார். நாட்ராயன் கையைத் துடைக்காமலே வாங்கிப் படித்தார். பாதியில் எட்டி ஒரு கிரைண்டரை நிறுத்தினார். முழுக்கப் படித்ததும் இன்னொன்றையும் நிறுத்தினார். கடை திடீரென்று காலியானதுபோல் இருந்தது.

"ஒன்பது பேருங்களா?"

"ஆமா."

"நானுங்களா?"

"உங்க நகல்."

"இதுல நகல்னு எங்கீமே காணமுங்களே. 'நாட்ராயனாகிய நான்'னுதான் இருக்குது."

சாந்தாமணி காகிதத்தை எட்டிப் பார்த்தார். "ஏனுங் மேடம், மனுசனை வேலைய உட்டுத் தொரத்துனீங்க. சரி. குரலைப் புடுங்கி வச்சுக்கிட்டீங்க. அதுவும் சரி. இப்ப அந்தக் குரலு பண்ணுன காரியத்துக்கு இவரு ஜெயிலுக்குப் போகோணுமா? வெக்கங்கறதை உங்க கம்பெனியில எந்த மாடியில வெச்சிருக்கீங்க?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. கெஞ்சத்தான் வந்தார். ஆனால் திட்டு வாங்கிப் பழக்கமில்லாத வாய், தானாகத் திருப்பித் திட்டியது.

"நகல் சொந்தமா எதுவும் யோசிக்கல. இவர் பேசினதைத்தான் பேசுது. இவரோட பதிவெல்லாம் நேத்து உக்காந்து கேட்டேன். எரிக் என்ன கேட்டாலும் 'கண்டிப்பா, கண்டிப்பா'. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருந்தா நகலும் சொல்லியிருக்கும். சொன்னீங்களா நாட்ராயன்?"

நாட்ராயன் மாவுக் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"சொன்னனுங்க மேடம். மியூட்ல சொன்னேன்."

"மியூட்லயா?" என்றார் ரெஜினா.

"அந்தாளு ஒவ்வொரு குளிருக்கும் இதையேதான் கேப்பான். வெள்ளிக்கெழம மூடு, வெள்ளிக்கெழம மூடுன்னு. 'கண்டிப்பா எரிக்'ம்பேன். ஒடனே மியூட் போட்டுட்டுப் பக்கத்துல திரும்பி, 'டேய் பழனி, இவனுக்குக் கிறுக்குடா. வெள்ளிக்கெழம மூடுனா ரெண்டு நாளைக்கு அங்க கேக்க நாதியிருக்காது. கெழடுகட்டைக வெறச்சுப் போயிரும். செர்வர்ல கோளாறுன்னு மெயிலப் போடு. திங்கக்கெழம காத்தால பட்டியலை ஒருக்காச் சரி பாத்துட்டு மூடலாம்'பேன். திங்கக்கெழம மூடுனா ஆபீஸ்ல ஆளிருக்கும். சனங்க போன் பண்ணும், சண்டை போடும், மத்தியானத்துக்குள்ள தொறந்துருவாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க. நான் வேண்டாம்னு சொன்னது எரிக்குக்குக் கேக்காது. உங்க பதிவுக்கும் கேக்காது. மியூட்ல போட்டா எப்படிங்க பதிவாகும்?"

ரெஜினாவின் கண்முன் பழைய மாடி விரிந்தது. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிவப்பு மியூட் பொத்தான். வெள்ளைக்காரனிடம் ஒரு 'ஆமாம்'. பொத்தானை அழுத்தியதும் தமிழில் வசவு, வாக்குவாதம், "அதைத் தொட்டா எல்லாம் விழுந்துரும்டா", "அவன் கேக்கறது தப்பு, வேற மாதிரி பண்ணு", டீக்காரர் வந்தால் "ரெண்டு சர்க்கரை கம்மி". மியூட்டை எடுத்ததும் மறுபடி சிரித்த குரல். அவ்வளவு வருஷம் அந்தக் கம்பெனி யோசித்ததெல்லாம் அந்தப் பொத்தானுக்குப் பின்னால்தான். நகல்கள் படித்தது முன்னால் இருந்ததை.

"யாருங்க மேடம் சொல்லிக் குடுத்தது?" என்றார் நாட்ராயன். "நான் சேந்த புதுசுல நீங்க டீம் லீடர். 'மொதல்ல சரின்னு சொல்லு, அப்புறம் மியூட் போடு'ன்னு போர்டுல எழுதியே போட்டீங்க."

"மெயில் இருந்திருக்கும்ல?" ரெஜினாவின் குரல் இறங்கியிருந்தது. "நீங்க தள்ளிப்போட்ட மெயிலெல்லாம்…"

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. நகல்கள் தயாரான காலத்தில் அந்தக் குழு ஒருநாள் அவரிடம் வந்து நின்றது. தாமதமான வேலைகள் சம்பந்தப்பட்ட மெயில்களையும் படிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். 'எடுத்துடுங்க. கெட்ட பழக்கத்தை எதுக்குப் படிக்கணும்' என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"தாமதம் பண்றவன்னு சொல்லித்தானுங்க வருசா வருசம் மார்க்கக் கொறச்சீங்க" என்றார் நாட்ராயன். "வேலைய உட்டு அனுப்பற பட்டியல்லயும் அதையேதான் எழுதியிருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா?" அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேல் ஓரத்தில் ஈர மாவில் பெருவிரல் பதிந்திருந்தது. அதைத் தவிர அதில் எந்தக் கையெழுத்தும் இல்லை. "ரிலீவிங் லெட்டர் வேணும்னா இதுல போடுன்னு நகலுக்கு ஒரு கையெழுத்து வாங்குனீங்க. அதோட போதுமுங்க. எனக்கும் ஹால்மூர் விசாரணைக்கு வரச்சொல்லி லிங்க் வந்திருக்குது, எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. வியாழக்கெழம மத்தியானம். நான் பேசிக்கறேன்."

"உங்களை நம்ப மாட்டாங்க நாட்ராயன். அவங்ககிட்ட உங்க குரல் இருக்கு."

"தெரியுமுங்க" என்று சொல்லி அவர் கிரைண்டரைப் போட்டார்.

உச்சி மாடியில் வரதராஜுலு, ரெஜினா சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நடுவில் தனக்கும் ரெஜினாவுக்கும் காபி வரவழைத்தார்.

"அப்ப நீங்க விசாரணையில வந்து, நாட்ராயன்தான் பண்ணுனாருன்னு சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன் சார்."

"சரிங்க. சிரமப்பட வேண்டாம். நீங்க வராட்டிப் பரவாயில்லீங்க." அவர் காபியை ஆற்றினார். "நகல் திட்டம் ஆரம்பிச்ச அன்னைக்கு மேடையில 'என்னையும் நகல் எடுங்க'ன்னு மொதக் கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே. எல்லாரும் கை தட்டுனாங்க. பன்னண்டு வருசமா நீங்க பேசுன பேச்சு அத்தனையும் இருக்குது. போன மாசமே செய்யச் சொல்லிட்டேன். உங்க நகல் உங்களை விட நல்லாப் பேசுதுங்க. மொகத்தைச் சுளிக்கறதில்ல."

ரெஜினா கோப்பையைத் தொடவில்லை. தன் வீட்டுக்குள் யாரோ தன் சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுபோல் இருந்தது.

"சார், அதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது."

"அதுதானுங்க எனக்கு வேணும்" என்றார் சேர்மன். "போயி ரெஸ்ட் எடுங்க."

ரெஜினா கீழே இறங்குவதற்குள் அவருடைய மெயிலை மூடிவிட்டிருந்தார்கள். விசாரணைக்கான லிங்க் அதில்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ரெஜினா மறுபடியும் மாவுக் கடை வாசலில் நின்றார். சாந்தாமணி குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"இன்னும் புடுங்கறதுக்கு என்னங்க பாக்கி இருக்குது?"

"என்னை வெளியே போட்டுட்டாங்க. எனக்குப் பதிலா என் நகல் பேசப்போகுது. உங்க வீட்டுக்காரர் லிங்க்ல என்னைப் பேச விடுங்க. நடந்ததைச் சொல்லிடறேன்."

"ஓ." சாந்தாமணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க குரலையும் புடுங்கிட்டானுகளா?" அந்தக் கேள்வியில் இரக்கம் இல்லை. ஒரு சின்னத் திருப்திதான் இருந்தது.

உள்ளேயிருந்து நாட்ராயன் குரல் கொடுத்தார். "வரச்சொல்லு. ஓரமா உக்காரட்டும். நான் சொல்றப்பத்தான் பேசோணும்னு சொல்லு."

போனை மாவு டிரம்மின்மேல் சாய்த்து வைத்திருந்தார். திரையில் ஹால்மூர் விசாரணை மன்றம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் நடுவில். அவர்தான் விசாரணை அதிகாரி. இன்னொரு கட்டத்தில் சேர்மனும் வக்கீலும். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் ரெஜினா.

ரெஜினா தன்னையே பார்த்தார். நீலச் சேலை. அவர் எப்போதோ போடுவதை விட்டுவிட்ட சிலுவைச் சங்கிலி. தலையை லேசாகச் சாய்த்து எதிராளி சொல்வதை ஆசையாய்க் கேட்பதுபோன்ற அந்தப் பார்வை. கஸ்டமர் முன்னால் மட்டும் அவர் வைத்துக்கொள்ளும் முகம் அது. வேறு முகம் நகலுக்கு இல்லை.

வக்கீல் முதலில் கேட்டார். "அந்த வெள்ளிக்கிழமை வால்வுகளை மூடியவர் நாட்ராயன்தானே?"

"ஆமாம். கண்டிப்பாக" என்றது ரெஜினாவின் நகல்.

"நிறுவனத்துக்குத் தெரியாமல், தானாகவே செய்தார். அப்படித்தானே?"

"ஆமாம். கண்டிப்பாக."

வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். சாந்தாமணி ரெஜினாவின் முகத்துக்கு நேராகவே, "நாக்கு அழுகிப் போகோணும்" என்றார். எந்த ரெஜினாவைச் சொன்னார் என்று தெரியவில்லை. ரெஜினா மியூட் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். நாட்ராயன் அந்தக் கையைத் தொடாமல், போனை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பொறுங்க. அந்தம்மா இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலீங்க."

விசாரணை அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். அவர் முகத்தில் கோபம் வெளிப்படையாக இருந்தது. இறந்தவர்களின் வீட்டார் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள் கூற்றை நான் நம்பவில்லை" என்றார். "உங்கள் நிறுவனத்துக்கு இது தெரிந்தே நடந்தது. அல்லவா?"

"ஆமாம். கண்டிப்பாக."

மன்றத்தில் சலசலப்பு. அதிகாரி நிமிர்ந்தார்.

"சற்று முன்புதான் தெரியாது என்றீர்கள்."

"ஆமாம். சரியாகச் சொன்னீர்கள்."

"மூடினால் மனிதர்கள் சாகக்கூடும் என்றும் தெரிந்திருந்தது?"

"ஆமாம். கண்டிப்பாக" என்றது நகல், தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்து கத்தினான். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேர்மனின் கட்டத்தில் நாற்காலி உருளும் சத்தம். "மியூட் போடு! அதுக்கு மியூட்டப் போடுங்கய்யா!" என்று அவர் அலறினார். தன்னுடையதைப் போட மறந்திருந்தார். அந்தத் தமிழ் ஹால்மூர் முழுக்கக் கேட்டது. நகலைச் செய்த பையன்களில் யாரோ பக்கத்திலிருந்து, "அதுல மியூட்டே வெக்கலீங்க சார், தேவைப்படும்னு யாரும் சொல்லலீங்க" என்றான்.

ரெஜினாவின் கைப்பையில் போன் அடித்தது. சேர்மன்.

"எங்கிருக்கீங்க மேடம்? லிங்க் அனுப்பறேன், ஒடனே உள்ள வாங்க. அது சொன்னது எதுவும் செல்லாதுன்னு ஆகோணும். அது நீங்க இல்ல, வெறும் மிஷினுன்னு சொல்லுங்க. ஒடனே சொல்லுங்க!"

ரெஜினா ஒரு விநாடி கண்ணை மூடினார். சேர்மன் கேட்பது என்ன என்று சேர்மனுக்கே புரியவில்லை. ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். யோசிக்கிற வேலையைத்தான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் விட்டுவிட்டார்களே.

"சரிங்க சார். சொல்லிடறேன்" என்றார்.

நாட்ராயனிடம் திரும்பி, "இப்பப் பேசட்டுமா?" என்று கேட்டார். நாட்ராயன் போனை அவர் பக்கம் திருப்பிவைத்துப் மியூட்டை எடுத்துவிட்டார்.

விசாரணை அதிகாரியின் கண்கள் சுருங்கின. நாட்ராயன் என்று பெயர் போட்ட கட்டத்தில், மாவு டிரம்முக்குப் பக்கத்தில், வியர்த்த முகத்தோடு இன்னொரு ரெஜினா.

"யார் நீங்கள்? இவ்வளவு நேரம் பேசியது யார்?"

"நான் ரெஜினா தேவசகாயம், குறிஞ்சேரியின் தலைமை அதிகாரி. இவ்வளவு நேரம் பேசியது நான் இல்லை. என் குரலையும் முகத்தையும் வைத்துச் செய்த நகல். அதற்கு 'ஆமாம்' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்."

சேர்மனின் கட்டத்தில் ஒரு பெருமூச்சு. "நல்லாச் சொன்னீங்க" என்று முணுமுணுப்பு.

அதிகாரி எதிரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். "அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை எரிக்கிடம் பேசிய நாட்ராயன்?"

"அதுவும் நாட்ராயன் இல்லை. அவரை முன்பே நான் வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். அன்று பேசியது அவர் நகல். உதவி எண்ணில் உங்கள் ஊர்க்காரர்களிடம் பேசியதும் இன்னொருவர் நகல்."

முணுமுணுப்பு நின்றுபோனது. அதிகாரி இன்னொரு கட்டத்தின் பக்கம் திரும்பினார். நீலச் சேலைக்காரி சிரித்தபடி காத்திருந்தாள்.

"இவர் சொல்வது சரியா?"

"ஆமாம்" என்றது நகல். "கண்டிப்பாக."

மன்றத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. சேர்மனின் கட்டம் கறுத்து அணைந்தது.

"இந்த நகல்களை அங்கே வைத்தது யார் முடிவு?" என்று அதிகாரி கேட்டார்.

ரெஜினாவின் பெருவிரல் தன்னையறியாமல் திரையின் சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்றது. எத்தனை வருஷப் பழக்கம். அழுத்திவிட்டுப் பக்கத்தில் திரும்பி, 'என்னடா சொல்றது?' என்று கேட்க வேண்டும். திரும்பினார். நாட்ராயன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். விரலை எடுத்தார்.

"என் முடிவு. ஆட்கள் யோசித்த இடத்தை வெட்டிவிட்டு, பேசிய இடத்தை மட்டும் நகல் எடுக்கச் சொன்னதும் நான்."

"நீங்கள் இங்கே நேரில் வர வேண்டியிருக்கும்."

"வருகிறேன்."

"திரும்பிப் போக முடியாமல் போகலாம்."

"தெரியும்."

விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொன்னார்கள். திரை அணைந்தது. நீலச் சேலை ரெஜினாதான் கடைசியாக மறைந்தாள். போகும்போது நன்றிகூடச் சொன்னாள்.

சாந்தாமணி உள்ளே போய் ஊறவைத்த அரிசியைத் தூக்கிவந்து கிரைண்டரில் கொட்டினார். நாட்ராயன் போனைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ரெஜினா எழுந்தார். போவதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை.

"நாட்ராயன். நான் உங்களுக்குப் பண்ணினதை… மன்னிக்க முடியுமா?"

நாட்ராயன் நேராக அவர் முகத்தைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பல வருஷம் ஹால்மூருக்குப் போன அதே சிரிப்பு உதட்டில் வந்தது.

"கண்டிப்பாங்க மேடம்" என்றார். "பண்ணிரலாம்."

பிறகு கையை நீட்டிக் கிரைண்டரைப் போட்டார். கல் உருண்டது. இரைச்சல் கடையை நிறைத்தது. அவர் மனைவி பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், சாந்தாமணி தலையாட்டினார். ரெஜினா வாசலில் நின்று அந்த உதடுகளையே பார்த்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை.